திண்டுக்கல் பெண்களுக்குத் தீர்க்கப்படாத கடன்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 2022-ம் ஆண்டில் மட்டும் நமது நாட்டில் ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள் பலியானார்கள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்த ஆண்டில் புதிதாக நோய் கண்டவர்கள் ஒரு லட்சத்து 27 ஆயிரத்துக்கு மேல். ஒரு ரயில் கவிழ்ந்து எண்பது பேர் மாண்டால் மந்திரிகள் விமானமேறி ஓடி வருகிறார்கள். விசாரணைக் கமிஷன் அமைக்கப்படுகிறது. சட்டசபையில் அனுதாபத் தீர்மானம் வருகிறது. எண்பதாயிரம் பெண்கள் ஓசையின்றி மடிவதற்கு விசாரணை உண்டா? யார் பொறுப்பு என்று கேட்க நாதி உண்டா?

யார் இந்தப் பெண்கள்? வயல்களில் நாற்று நடுபவர்கள், தென்காசியிலும் திருநெல்வேலியிலும் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுபவர்கள், நூல் மில்களில் இரவு ஷிப்ட் நிற்பவர்கள், வால்பாறை மலையில் கொழுந்து பறிப்பவர்கள். வெள்ளைபடுகிறது, இடுப்பு வலிக்கிறது என்று சொல்லக் கூசிக்கொண்டு, கைவைத்தியம் செய்துகொண்டு, கடைசியில் ரத்தப்போக்கு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படுகிறவர்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

இது திடீரென்று தாக்கும் வியாதி அல்ல. இந்த நோய்க்குக் காரணமான வைரஸ் உடலில் நிலைகொண்டு புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் பிடிக்கின்றன. அத்தனை ஆண்டுகள் இயற்கை நமக்கு அவகாசம் கொடுக்கிறது. அந்த அவகாசத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோ பரிசோதித்து, புண் பட்ட இடத்தைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் அநேகமாக எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். இதற்குக் கோடிக்கணக்கில் விலையுள்ள எந்திரம் வேண்டியதில்லை. மறைவான ஓர் அறை, ஒரு மேஜை, நல்ல விளக்கு, சுத்தமான தண்ணீர், கொதிக்க வைத்துக் கிருமி நீக்கிய கருவி, பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர், கொஞ்சம் அசிட்டிக் அமிலம் இருந்தால் போதும். அசிட்டிக் அமிலம் என்றதும் மிரள வேண்டாம். சமையலுக்குப் பயன்படும் வினிகரில் இருப்பதும் அதுதான். அதைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், கெட்டுப் போகத் தொடங்கியிருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று யாராவது சொல்வார்களானால், அவர்களைத் திண்டுக்கல் ஜில்லாவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

2000-ம் ஆண்டில் அந்த ஜில்லாவில், அம்பிளிக்கை என்ற கிராமத்திலுள்ள ஒரு மருத்துவ நிலையமும், நாம் மேலே குறிப்பிட்ட சர்வதேச ஸ்தாபனமும் சேர்ந்து ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கின. கிராமங்கள் 114 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. அவற்றில் 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பரிசோதனை. மீதி 57-ல் வழக்கமாக உள்ள வசதி மட்டும். பரிசோதனைத் தொகுதிகளில் இருந்த 49,311 பெண்களில் 31,343 பேர் 2003-ம் ஆண்டுக்குள் வந்து சோதித்துக்கொண்டார்கள். கிராமத்துப் பெண்கள் வெட்கப்பட்டு வர மாட்டார்கள் என்று ஆபீஸ் நாற்காலியிலிருந்து தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கு அறுபத்து மூன்று பேருக்கு மேல் வந்தார்கள்!

சோதித்தவர்கள் யார்? நர்ஸ்கள். சந்தேகம் என்று பட்ட 3,088 பெண்களில் 3,052 பேருக்கு உருப்பெருக்கிக் கருவி வைத்து மறுபரிசோதனை நடந்தது. விட்டுப் போனவர்கள் 36 பேர் மட்டுமே. எப்படி இது சாத்தியமாயிற்று? அடுத்த வாரம் வா, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போ, சீட்டு வாங்கி வா என்று யாரும் அவர்களை அலைக்கழிக்கவில்லை. வந்த அன்றைக்கே மறுபரிசோதனை, வந்த அன்றைக்கே சதைத் துணுக்கு எடுத்தல், தகுந்தவர்களுக்கு வந்த அன்றைக்கே குளிரால் உறைய வைத்துப் புண்ணை அழிக்கும் சிகிச்சை. இந்தச் சிகிச்சையையும் நர்ஸ்களே செய்தார்கள். பெரிய புண் உள்ளவர்களையும் புற்று முற்றியவர்களையும் மட்டும் மேலே அனுப்பினார்கள்.

முடிவு 2007-ம் ஆண்டில் 'லான்செட்' என்ற பிரபல மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. பரிசோதனை நடந்த கிராமங்களில் இந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட சாவு, நடக்காத கிராமங்களோடு ஒப்பிட, 35 சதவிகிதம் குறைந்திருந்தது. புதிதாக நோய் காண்பது 25 சதவிகிதம் குறைந்திருந்தது. நர்ஸ் கையால் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையின் பலன் இது. உலகம் முழுவதும் மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல் பெயர் பாடமாயிற்று.

இந்தப் பெருமையில் ஒரு வேதனையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பரிசோதனை இல்லாத 57 தொகுதிகளில், 2006-ம் ஆண்டு வரை, 92 பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள். ஒப்பிடுவதற்காக ஒரு பகுதியினரைப் பரிசோதிக்காமல் விட்டு வைத்தது முறைதானா என்று பின்னர் கடுமையான சர்ச்சை எழுந்தது. வழக்கமாக உள்ள வசதி அவர்களுக்கு மறுக்கப்படவில்லையே என்று ஆராய்ச்சியாளர்கள் பதில் சொன்னார்கள். ஆனால் வழக்கமாக இருந்த வசதி என்ன? நடைமுறையில் பூஜ்யம்! அந்தப் பூஜ்யத்துக்குப் பொறுப்பு ஆராய்ச்சியாளர்களைவிட அதிகமாக நாட்டை ஆண்டவர்களுடையது. எது எப்படியானாலும், இந்த அறிவு இலவசமாகக் கிடைத்ததல்ல. திண்டுக்கல் ஜில்லாவின் ஏழைப் பெண்கள் தங்கள் உடலையும் சிலர் உயிரையும் விலையாகக் கொடுத்து உலகத்துக்கு வாங்கித் தந்த அறிவு. அதன் பலனை அவர்களுக்கும் அவர்களைப் போன்ற லட்சோப லட்சம் பெண்களுக்கும் திருப்பித் தர வேண்டியது சர்க்கார் பட்ட கடன்.

கடன் தீர்ந்ததா? தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-க்கும் 2021-க்கும் இடையில் கணக்கெடுத்தது. 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவிகிதம். இந்தியா முழுவதையும் எடுத்தால் 1.9 சதவிகிதம். நமது ராஜ்யம் மற்றவற்றைவிட மேல் என்று மார்தட்டிக்கொள்ள ஆளும் வட்டாரங்களுக்கு இது போதும். நமக்குப் போதாது. பத்துப் பெண்களில் ஒன்பது பேரை ஒரு நர்ஸ்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் இதன் பொருள். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ம் ஆண்டில் வகுத்த இலக்குப்படி, 2030-க்குள் நூற்றுக்கு எழுபது பெண்கள் 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறு முறையும் பரிசோதிக்கப்பட வேண்டும். பத்திலிருந்து எழுபதுக்குப் போக எந்த வேகம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் கோட்டையில் எத்தனை பேர்?

தமிழ்நாட்டு சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. தேனி, தஞ்சை ஜில்லாக்களில் 2007-ம் ஆண்டு வாக்கில் இந்தப் பரிசோதனை முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டு, பின்னர் மற்ற ஜில்லாக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு ஜில்லாக்களில், வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் வீட்டுக்கு அழைப்புச் சீட்டு அனுப்பிச் சோதிக்கும் திட்டம் வந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியை வரவேற்கிறோம், வதந்திகளுக்குச் செவி சாய்க்காமல் நமது பெண் குழந்தைகளுக்கு அதைப் போட வேண்டும் என்று பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் அது மகளைக் காக்கும். இப்போது நாற்பது வயதில் களை பறித்துக்கொண்டிருக்கும் தாயைக் காக்க வேண்டியது பரிசோதனைதான்.

ஆகவே திட்டம் இல்லை என்பதல்ல நமது குற்றச்சாட்டு. திட்டங்கள் ஏராளம். அவற்றைத் தூக்கி நிறுத்த வேண்டிய நர்ஸின் நிலைமை என்ன என்பதுதான் கேள்வி.

கிராமத்துக்கு மிக அருகிலுள்ள வைத்திய வசதி துணை சுகாதார நிலையம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. தமிழ்நாட்டில் இப்படி 8,700-க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. அங்கே கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இருக்கிறார். மக்கள் நர்ஸம்மா என்று அழைக்கும் அந்தப் பெண்மணிதான். அவருக்குள்ள வேலைகளைப் பாருங்கள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்குக் கொடுக்க வேண்டும். மகப்பேறு உதவித் தொகைக்கு விண்ணப்பம் ஏற்ற வேண்டும். செய்த ஒவ்வொன்றையும் நோட்டில் ஒரு தடவை, கம்ப்யூட்டரில் ஒரு தடவை எழுத வேண்டும். ஊசி பிடித்த கை இப்போது பாதி நேரம் செல்போன் திரையைத் தேய்க்கிறது! ஒரு பெண்ணை உட்கார வைத்து, பயம் போக்கி, புரியும்படி சொல்லி, சம்மதம் பெற்று, மறைவிடத்தில் பரிசோதிப்பதற்கு அவருக்கு நேரம் எங்கே?

இவருக்குத் துணையாகத்தான் துணை நிலையங்களை நல்வாழ்வு மையங்களாக்கி, இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்ற பெயரில் பட்டம், பட்டயம் பெற்ற நர்ஸ்களை நியமித்தார்கள். நல்ல யோசனை. ஆனால் எந்த நிபந்தனையில் நியமித்தார்கள்? ஒப்பந்தம், தொகுப்பூதியம். முதலில் மாதம் 14 ஆயிரம், பிறகு 18 ஆயிரம் ரூபாய். வீட்டு வாடகைப்படி கிடையாது, நிரந்தரம் கிடையாது. மத்திய சர்க்காரோ 2023 நவம்பரில் இந்த மையங்களின் பெயரை 'ஆயுஷ்மான் ஆரோக்ய மந்திர்' என்று மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. பெயர்ப் பலகைக்குச் சாயம் பூசுவதில் காட்டிய அவசரத்தை உள்ளே உட்கார்ந்திருக்கும் நர்ஸின் உத்தியோகத்தை நிரந்தரமாக்குவதில் காட்டியிருந்தால் நாம் பாராட்டியிருப்போம்.

ஒப்பந்த நர்ஸ்களின் கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2015-ம் ஆண்டில் பரீட்சை எழுதித் தேறி ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கை கொடுக்கப்பட்டது. கையில் கொடுக்கப்பட்டதோ மாதம் 7,700 ரூபாய்! 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னைக்குத் திரண்டு வந்து டி.எம்.எஸ். வளாகத்தில் போராடினார்கள். போலீஸ் வந்தது, மிரட்டல் வந்தது, கோர்ட்டு வந்தது. ஒரு பகுதியினருக்குப் பல ஆண்டு கழித்து நிரந்தரம் கிடைத்தது, மற்றவர்கள் காத்துக்கிடந்தார்கள். கொரோனா கொள்ளை நோயின்போது, உயிரைப் பணயம் வைத்து வேலை செய்ய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸ்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். அவர்களைத் தெய்வம் என்றார்கள், அவர்களுக்காகக் கை தட்டச் சொன்னார்கள். 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு உங்கள் வேலை முடிந்தது என்று உத்தரவு போட்டு அனுப்பினார்கள். கை தட்டியவர்களில் எத்தனை பேர் அன்று அவர்கள் பக்கம் நின்றார்கள்?

ஆளுங்கட்சி மாறினாலும் இந்தக் கொள்கை மாறவில்லை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 2017-ல் கோட்டையில் இருந்தது ஒரு கட்சி, 2022-ல் இருந்தது வேறொரு கட்சி.

நர்ஸின் உத்தியோகத்துக்கும் பரிசோதனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியான சம்பந்தம் இருக்கிறது. இந்தப் பரிசோதனை நம்பிக்கையின் மேல் நடப்பது. கணவனிடம்கூடச் சொல்லாத விஷயத்தை ஒரு பெண் நர்ஸம்மாவிடம் சொல்ல வேண்டுமானால், அந்த நர்ஸம்மா பத்து ஆண்டு அந்த ஊரில் நடந்து பழகியவராக இருக்க வேண்டும். இந்த ஆண்டு ஒருவர், அடுத்த ஆண்டு வேறொருவர், அதற்கடுத்த ஆண்டு காலியிடம் என்றால் யாரை நம்பி மேஜையில் ஏறிப் படுப்பாள்? சந்தேகத்துக்குரியவர்கள் யார் யார், யார் மறுபரிசோதனைக்குப் போனார்கள், யார் பயந்து வீட்டில் ஒளிந்துகொண்டார்கள் என்பதெல்லாம் ரிஜிஸ்தரில் இருந்தால் மட்டும் போதாது. நர்ஸின் நெஞ்சில் இருக்க வேண்டும். தவிர, வெள்ளைப் புண்ணைக் கண்டு சொல்லும் கண் பழக்கத்தால் கூர்மையடைவது. பழகிய கண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதுக் கண்ணுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுப்பது எந்தச் சிக்கனத்தில் சேர்த்தி?

ரத்தக் கொதிப்பு, நீரிழிவு விஷயத்திலும் இதே பாடந்தான். 2020-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில், வயது வந்தவர்களில் மூவரில் ஒருவருக்கு, அதாவது 33.9 சதவிகிதத்தினருக்கு, ரத்தக் கொதிப்பு இருப்பது தெரியவந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவிகிதம்தான்! 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. வீட்டு வாசலில் கருவி வைத்துச் சோதித்து, மாத்திரையையும் வீட்டிலேயே கொடுக்கும் இந்தத் திட்டத்துக்குப் பிறகு, 2023-24 ஆய்வில் கட்டுக்குள் இருப்போர் 17 சதவிகிதமாக உயர்ந்தார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் குழு ஒன்று திட்டத்துக்கு விருதும் கொடுத்தது. நல்ல முன்னேற்றம். தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் யாருடைய கால்கள் அந்த விருதைச் சம்பாதித்தன? சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண்கள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் 4,500 ரூபாய். பின்னர் சிறிது உயர்ந்தாலும் அது சம்பளமல்ல, 'ஊக்கத்தொகை'. அவர்கள் ஊழியர்களல்ல, 'தன்னார்வலர்கள்'. தன்னார்வம் என்ற அழகான சொல்லைப் போட்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து தப்பித்துக்கொள்ளும் இந்த வித்தையை எந்தத் தனியார் முதலாளியிடமிருந்து சர்க்கார் கற்றது என்று தெரியவில்லை. அல்லது முதலாளிகள்தான் சர்க்காரிடம் கற்றார்களோ!

பரிசோதனைக்கு வர வேண்டிய பெண்ணின் பக்கமும் பார்க்க வேண்டும். அவள் விடியற்காலையில் வேலைக்குப் போகிறாள். நிலையம் திறப்பது அவள் போன பிறகு, மூடுவது அவள் திரும்புவதற்கு முன்பு. பரிசோதனை இலவசம் என்று சுவரில் எழுதியிருக்கிறார்கள். ஒரு நாள் கூலி போவது இலவசமா? சந்தேகம் என்று சொல்லி ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், பஸ் சார்ஜ், கூட வருபவரின் கூலி, இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் அவள் தலையில். அங்கே போனால் இன்று டாக்டர் லீவு, வியாழக்கிழமை வா என்கிறார்கள். வியாழக்கிழமை அவள் வரமாட்டாள். உடனே அதிகாரிகள், "ஜனங்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று ரிப்போர்ட் எழுதுகிறார்கள். போதாதது விழிப்புணர்வா, கையில் காசா?

பல கிராமங்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. நிலையம் ஊர்த் தெருவில் இருக்கும். ஆதிதிராவிட மக்களின் குடியிருப்பு ஊருக்கு வெளியே இருக்கும். மலைகளிலோ, கல்வராயன் மலைக் குக்கிராமத்திலிருந்து நிலையத்துக்கு நடந்து வரும் நேரத்தில் சமவெளிக்காரர் ஜில்லாவையே கடந்துவிடுவார். முகாம் எங்கே போடுவது என்று தீர்மானிக்கும்போது இந்தப் பகுதிகள்தான் முதலில் வர வேண்டும். இன்று அவை கடைசியில் வருகின்றன, அல்லது வருவதேயில்லை.

2025 நவம்பர் 21-ம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கிய மத்திய சர்க்கார், நாற்பது வயதைக் கடந்த தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று பிரமாதமாக விளம்பரம் செய்தது. எந்தத் தொழிலாளிக்கு? பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறையும், நாள் கூலிக்கு அறுப்பு அறுக்கும் வயலும், பீடி சுற்றும் திண்ணையும் இந்தச் சலுகைக்கு எட்டாக்கையில் இருக்கின்றன. அதிகமாகத் தேவைப்படுகிறவர்களுக்கு மிகக் குறைவாகக் கிடைக்கும் என்பதே இந்தச் சமுதாய அமைப்பின் விதியாக இருக்கிறது.

வேறு வழி உண்டா? உண்டு. 1978-ம் ஆண்டில் சோவியத் யூனியனில் இருந்த அல்மா ஆடா நகரில் கூடிய உலக மாநாடு ஆரம்ப சுகாதாரமே அடிப்படை என்று பிரகடனம் செய்தது. சின்னஞ்சிறு கியூபா, அமெரிக்க முற்றுகைக்கு நடுவிலும், 1984 முதல் ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் சேர்த்து ஒவ்வொரு குடியிருப்பிலும் அமர்த்தியது. அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்திலுள்ள கேரளத்தில், 2017-ல் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 'ஆர்த்ரம்' இயக்கத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றியபோது, மாலை 6 மணி வரை நோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு செய்தது. அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே நர்ஸ் ஒவ்வொருவரையும் சோதித்துக் குறித்துக்கொள்கிறார். 2025-ல் பிப்ரவரி 4 புற்றுநோய் தினம் முதல் மார்ச் 8 மாதர் தினம் வரை பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனையை ஒரு வெகுஜன இயக்கமாகவே அங்கே நடத்தினார்கள். குறைகள் அங்கும் உண்டு. ஆனால் மாலை 6 மணி வரை கதவைத் திறந்து வைப்பதற்கு விஞ்ஞானப் புரட்சி தேவையில்லை என்பது நிரூபணமாயிற்று.

பணம் எங்கே என்பார்கள். 2017-ம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கையில், 2025-க்குள் மொத்த உற்பத்தியில் 2.5 சதவிகிதத்தைச் சுகாதாரத்துக்குச் செலவிடுவோம் என்று மத்திய சர்க்காரே எழுதிக் கையெழுத்துப் போட்டது. 2021-22-ல், கொள்ளை நோய் நாட்டை உலுக்கிய காலத்தில்கூட, மத்திய, மாநில சர்க்கார்களின் செலவு இரண்டும் சேர்ந்து 1.84 சதவிகிதத்தைத் தாண்டவில்லை. இன்ஷூரன்ஸ் திட்டங்களுக்கு வாரி வழங்குகிறார்கள். அதில் பெரும்பங்கு நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குக் கட்டும் பில். முற்றாமல் தடுக்கும் நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் கை நடுங்குகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நர்ஸ் செய்ய முடியும் என்று நாம் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் டாக்டர் வேண்டாம் என்று சர்க்கார் மிச்சம் பிடிக்கக் கிளம்பலாம். அதற்கு இடம் கொடுக்க முடியாது. திண்டுக்கல்லில் நர்ஸுக்குப் பின்னால் நோய்க்கூறு சோதிக்கும் டாக்டர் இருந்தார், ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரி இருந்தது. பின்பலம் இல்லாமல் நர்ஸை முன்னால் தள்ளுவது அவரைப் பழி சுமக்க வைப்பதாகும். அதேபோல், வினிகர் பரிசோதனையோடு நின்றுவிடவும் கூடாது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அது சரியாகப் பிடிபடுவதில்லை. வைரஸையே கண்டுபிடிக்கும் பரிசோதனையைத்தான் 2021-ம் ஆண்டிலிருந்து உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்கிறது. அதற்கு வேண்டிய மாதிரியைப் பெண் தானே மறைவில் எடுத்துக் கொடுக்க முடியும். வெட்கமும் பயமும் பாதி தீர்ந்துவிடும். அந்தப் பரிசோதனையை நமது பொதுத்துறை மூலம் மலிவாகத் தயாரித்து எல்லாத் துணை நிலையங்களுக்கும் கொடுக்க வேண்டும். சந்தேகம் என்று வந்தால் எல்லோருக்கும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. திண்டுக்கல்லில் சந்தேகப்பட்ட 3,088 பேரில் 1,874 பேருக்குத்தான் புற்றுக்கு முந்திய மாற்றம் இருந்தது, அதிலும் ஒரு பகுதி தானே ஆறிவிடக் கூடியது. இதை நர்ஸ் நிதானமாக எடுத்துச் சொல்ல நேரம் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எனவே சர்க்காரை நாம் வற்புறுத்துகிறோம்: ஒப்பந்தத்திலுள்ள எல்லா நர்ஸ்களையும் காலமுறைச் சம்பளத்தில் நிரந்தரமாக்குங்கள். வீடு வீடாகப் போகும் பெண்களை ஊழியர்கள் என்று ஒப்புக்கொண்டு சட்டப்படியான கூலி கொடுங்கள். கிராம சுகாதார செவிலியரின் தலையிலிருந்து கம்ப்யூட்டர் பதிவு வேலையை இறக்கி, அதற்குத் தனி ஆள் போடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது துணை நிலையத்தை மாலையிலும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வையுங்கள். பரிசோதனையும் முதல் சிகிச்சையும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் நடக்கட்டும். மேலே அனுப்பப்படும் பெண்ணுக்குப் போக வர வண்டியும், இழந்த நாளின் கூலியும் கொடுங்கள்.

வற்புறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் எதுவும் நடக்காது. விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் இதைக் கூலி, மனைப்பட்டாப் பிரச்னைகளைப் போலவே எடுத்து நடத்த வேண்டும். நமது தோழர்களில் சிலர், இது பெண்கள் விவகாரம், அந்தரங்கமான சமாசாரம், மேடையில் எப்படிப் பேசுவது என்று நெளிகிறார்கள். அந்த நெளிவை முதலில் விட வேண்டும். தன் மனைவியை, தாயை, சகோதரியைத் தோழரே முதலில் அழைத்துச் செல்லட்டும். ஒரு தெருப் பெண்கள் பத்துப் பேர் ஒன்றாகச் சேர்ந்து போனால் தனியாகப் போகும் பயம் இராது. மில் சங்கங்கள், பரிசோதனைக்குச் சம்பளத்தோடு அரை நாள் விடுப்பு என்பதை இந்த ஆண்டுக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். நர்ஸ்கள் போராட்டத்துக்கு வரும்போது, அவர்களால் பலனடையும் கிராமத்துப் பெண்கள் பந்தலில் பக்கத்தில் போய் உட்காரட்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் நமது தோழர்கள் எழுந்து நான்கே கணக்குக் கேட்க வேண்டும். நமது ஊராட்சியில் முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் பரிசோதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? சந்தேகம் என்று சொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் சிகிச்சை முடிந்தவர்கள் எத்தனை பேர்? யாருடைய பெயரும் வேண்டாம். அது அந்தப் பெண்ணுக்கும் நர்ஸுக்கும் உள்ள ரகசியம். எண்ணிக்கை போதும். பதில் கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, ஒரு நகலை நமது பத்திரிகைக்கும் அனுப்பி வையுங்கள். ஊர் ஊராக வெளியிடுகிறோம்.